பண்ணைக்காட்டில் ஒரு மீட்டர் கறுப்புக் கல்

பொறாமையோடு மலையேறுகிறவர்களுக்கு வாந்தி வராது என்று நினைத்திருந்தேன். வந்தது. வத்தலக்குண்டில் சாப்பிட்ட பரோட்டா இரண்டும் டம்டம் பாறைக்கு முன்பே என்னைக் கைவிட்டன. நடத்துநர் பழகிய கையோடு ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டி, "கீழ பாக்காதீங்க மேடம், தூரமாப் பாருங்க" என்றார். தூரத்தில் மேகம்தான் தெரிந்தது. அதற்கும் மேலே எங்கேயோ ஜெசிந்தா தன் தோட்டத்தில் உட்கார்ந்து சாவகாசமாகக் காப்பி குடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் மறுபடி குமட்டியது.

ஜெசிந்தா என் கல்லூரித் தோழி. திருச்சியில் ஒரே வகுப்பில் நிலவியல் படித்தோம், விடுதியிலும் ஒரே அறை. படித்து முடித்ததும் இருவருக்கும் ஒரே எண்ணெய் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அவளைக் கல் பார்க்கும் பிரிவில் போட்டார்கள், என்னைக் கோடு பார்க்கும் பிரிவில். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது சில ஆழங்களில் பாறையை உருளையாகக் குடைந்து மேலே எடுப்பார்கள். அதற்குக் கோர் என்று பெயர். அதே கிணற்றுக்குள் கம்பியில் கருவிகளை இறக்கி, பாறையின் கதிர்வீச்சு, அடர்த்தி, மின்தடை ஆகியவற்றை அளந்து வளைகோடுகளாக வரைவார்கள். அது லாக். கோர் பார்க்கிறவர்கள் கல்லைத் தொடலாம், முகரலாம், யாரும் பார்க்காதபோது நக்கியும் பார்க்கலாம். லாக் பார்க்கிறவர்கள் ஆயுள் முழுக்கத் திரையைப் பார்க்கலாம். முப்பது வருஷத்துக்கு மேலாக நான் அதைத்தான் பார்க்கிறேன்.

பிறகு இருவரும் மஸ்கட்டில் வேறொரு எண்ணெய் நிறுவனத்துக்குப் போனோம். நான் அங்கேயே தங்கிவிட்டேன். அவள் திடீரென்று வேலையை உதறிவிட்டு, கணவரின் ஊரான பண்ணைக்காட்டுக்கு வந்து காப்பி பயிரிட ஆரம்பித்தாள். உதறியவளை நிறுவனம் விடவில்லை. ஆலோசகர் என்று பெயர் சூட்டி, கல்லை அவள் வீட்டுக்கே அனுப்புகிறது. கிணற்றிலிருந்து எடுத்த கோரை நீளவாக்கில் அறுத்து, அதில் ஒரு பகுதியைப் பஞ்சு பொதிந்த பெட்டிகளில் அடுக்கி, விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். நான் கால் நீட்டக்கூட முடியாத இருக்கையில் வந்தேன். கல் படுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

இந்தப் பயணமே அந்தக் கல்லால் வந்த வினைதான். ஷேல் என்கிற களிப்பாறையில் எண்ணெய் தானாக ஓடி வராது. நேராகத் தோண்டி, நல்ல அடுக்காக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கிணற்றை அதற்குள் படுக்கைவாட்டில் திருப்பி, பாறையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். எந்த அடுக்கு என்பதில் எங்களுக்குள் சண்டை. மேலடுக்கு என்று என் கோடுகள் சொல்லின, கீழடுக்கு என்று அவளுடைய கல் சொன்னது. மேலடுக்கின் அடிப்பகுதியில் ஒரு சாண் தடிமனுக்கு மெத்தென்ற களிப் பட்டை இருக்கிறது, அங்கே போனால் துளை இடிந்து மூடிக்கொள்ளும் என்று எழுதியிருந்தாள். ஒரு சாண் பட்டை என் கருவிகளின் கண்ணுக்குத் தெரியாது, எனவே என்னால் மறுக்கவும் முடியவில்லை.

நேரில் போய்ப் பேசி, இரண்டு பேரும் ஒரே முடிவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று மேலாளர் அனுப்பிவைத்தார். கீழடுக்கு என்று முடிந்தால் என் ஆய்வு மொத்தமும் குப்பைக்குப் போகும். இந்த வருஷத்தோடு முடிகிற என் ஒப்பந்தமும் கூடவே போகும். ஐம்பதைத் தாண்டிய லாக்காரியை அதற்குப் பிறகு யார் சீந்துவார்கள்?

பண்ணைக்காட்டுக்குச் சாலை பிரிகிற ஊத்துக்கு இரண்டு வளைவு முன்பாக பஸ் நின்றது. எதிரே வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று சாலைக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தது. "ஏலே, டயருக்கு அடியில கல்லப் போடுலே!" என்று லாரி ஓட்டுநர் கூட வந்தவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அச்சு முறிந்துவிட்டதாம். மஸ்கட்டில் வண்டி நின்றால் போலீஸ் வரும்வரை கண்ணாடியைக்கூட இறக்க மாட்டார்கள். இங்கே எல்லோரும் இறங்கிவிட்டார்கள், எங்கிருந்தோ ஒரு டீத் தூக்குச் சட்டியும் வந்துவிட்டது. எனக்கு முன் இருக்கையில் இருந்த மலையாளக் குடும்பத்தில் சின்னப் பெண், "அப்பா, பனி எப்போது விழும்?" என்று கேட்டாள். "அடுத்த வளைவில்" என்று அப்பா மலையாளத்தில் கூசாமல் சொன்னார்.

பூண்டு மூட்டையோடு உட்கார்ந்திருந்த பூம்பாறைப் பெண் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கிட்டுப் போறீங்க?"

"பண்ணைக்காடு. ஜெசிந்தா வீட்டுக்கு."

"அட, கல்லு மேடம் வீட்டுக்கா! முன்னயே சொல்லக் கூடாதா? எங்க கொழுந்தன் தோட்டத்துல போர் போட அவங்கதான் எடம் பாத்துக் குடுத்தாங்க. தண்ணி பீச்சிக்கிட்டு வந்துச்சு. ஒரு பைசா வாங்கலீங்க."

லாரிக்காரர் கொடுத்த மலைவாழைப்பழம் அதுவரை நன்றாகத்தான் இனித்தது. மஸ்கட்டில் என் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரருக்கு நான் பள்ளி ஆசிரியை என்று எண்ணம். இவளுக்கு மட்டும் பூம்பாறை வரைக்கும் பட்டப்பெயர் போயிருக்கிறது.

லாரியைச் சுற்றி நடந்து மறுபக்கம் போனேன். ஜெசிந்தாவின் கணவர் அருள் ஜீப்போடு காத்திருந்தார். அமைதியான மனிதர், பையை வாங்கிக்கொண்டு இஞ்சி மரப்பா ஒன்றைக் கையில் வைத்தார். "வெள்ளனே கெளம்பிருப்பீங்க, வயித்தப் பொரட்டிருக்கும். இதச் சப்பிக்கிட்டே வாங்க." எனக்கு வாய்த்தவர் மஸ்கட் விமான நிலையத்தில் என்னை இறக்கிவிட்டபோது, இரவுச் சாப்பாட்டுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்.

வீட்டு வாசலில் ஜெசிந்தா நின்றிருந்தாள். தலை நரைத்திருக்கிறது, சாயம் அடிக்கவில்லை, அடிக்காததும் அவளுக்கு அழகாக இருக்கிறது. "வாடி வசந்தி!" என்று கட்டிப்பிடித்தாள். அவள் மேல் காப்பிப் பழத்தின் புளித்த வாசம். என் மேல் என்ன வாசம் என்று இருவருக்கும் தெரியும், அவள் காட்டிக்கொள்ளவில்லை. மலைப்பூண்டைத் தோலோடு தட்டிப் போட்ட கோழிக் குழம்பும் சோறும் சாப்பிட்டேன். வயிறு சரியில்லாதவள் சாப்பிடுகிற அளவாக அது இல்லை.

கல்லைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "நாளைக்கு சண்டே. சண்டேல நான் கல்லத் தொடமாட்டேன். கோடைக்குப் போறோம், மண்டே பாத்துக்கலாம்" என்றாள். என் தலை போகிற காரியம் அவளுக்குத் திங்கட்கிழமைச் சோலி.

மறுநாள் கொடைக்கானல். மாதா கோயிலில் பூசை. ஜெசிந்தா பாடற்குழுவில் நின்று பாடினாள். கல்லூரியில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. குளியலறையில்கூடப் பாடாதவளுக்கு இந்தக் குரல் எப்போது வந்தது என்று யோசித்ததில் பிரசங்கம் என் காதில் ஏறவில்லை. வெளியே வந்ததும் கன்னியாஸ்திரீகள், ஓட்டல்காரர், ஓய்வுபெற்ற டாக்டர் என்று ஆளாளுக்கு அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "இவ என் ஃபிரெண்டு வசந்தி, மஸ்கட்ல பெரிய பெட்ரோபிசிசிஸ்ட்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அவர்கள் கண்ணைப் பெரிதாகத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, "அப்புறம் ஜெசிந்தா" என்று அவளிடமே திரும்பினார்கள்.

ஏரியைக் காணவில்லை. மூடுபனிக்குள் எங்கேயோ துடுப்புச் சத்தமும் ஒரு சண்டையும் கேட்டன. இந்தியில் ஒரு பெண், "காசு கொடுத்து வெள்ளைச் சுவரைப் பார்க்கவா இவ்வளவு தூரம் கூட்டி வந்தாய்?" என்று கேட்க, ஆண் குரல், "போட்டோ எடு, வீட்டுக்குப் போய் ஏரி என்று சொல்லிக்கொள்ளலாம்" என்றது. நாங்கள் கரையில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றோம். மஸ்கட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலும் கடல் இருக்கிறது. நான் அதைப் போய்ப் பார்த்து எத்தனை மாதமாயிற்று என்று அவள் கேட்டபோது பஜ்ஜியை வாயில் திணித்துக்கொண்டேன்.

"ஜெசி, அந்தக் களிப் பட்டை நிஜமாவே அங்கதான் இருக்கா?" என்றேன் கடைசியில், தாங்காமல்.

"கல்லு பொய் சொல்லாதுடி" என்றாள், பேப்பரில் எண்ணெயை ஒற்றிக்கொண்டே. எத்தனையோ கூட்டங்களில் இதே வாக்கியத்தைச் சொல்லி என்னை உட்காரவைத்திருக்கிறாள். அவள் சொன்னால் மேலாளர்கள் தலையாட்டுவார்கள். கோடு பொய் சொல்லாது என்று நான் சொன்னால் சிரிப்பார்கள்.

திங்கட்கிழமை காலை, காப்பிக் கொட்டை காயவைக்கும் களத்தை ஒட்டிய கிட்டங்கிக்குக் கூட்டிப்போனாள். ஒரு பக்கம் காப்பி மூட்டைகள், மறுபக்கம் நீள மேசைகளில் கோர் பெட்டிகள். அறுத்த முகம் மேலே தெரியும்படி, ஒரு மீட்டர் ஒரு மீட்டராகக் கல் படுத்திருந்தது. கன்னங்கரேலென்று, மேல் எது கீழ் எது என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லாத கறுப்பு. தண்ணீர் தெளிப்பானால் பீய்ச்சினாள். ஈரம் பட்டதும் மயிரிழை போலப் படிவுகள் தெரிந்தன. நான் இரண்டு வருஷமாகத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த ஆழம் அது. அதற்கு ஒரு வாசம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது, லேசாக மண்ணெண்ணெய் வாசம். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இவள் தினமும் இதை முகர்ந்துவிட்டுத்தான் காலைச் சாப்பாட்டுக்குப் போகிறாள்.

"இதோ உன் எதிரி" என்று அந்தப் பட்டையைக் காட்டினாள். மேலடுக்கு முடிந்து கீழடுக்கு தொடங்குகிற மீட்டர் அது. அதன் மேல்முனையை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குச் சாம்பல் நிறம். அவள் விரல் நகத்தால் தொட்டதும் மாவாக வந்தது. பட்டை மேலடுக்கில்தான் இருந்தது. நான் என் லாக் படத்தைப் பக்கத்தில் விரித்து வாதாடினேன். கருவி ஆழமும் கல் ஆழமும் ஒன்றுக்கொன்று தள்ளிப்போயிருக்கலாம் என்றேன். கல்லை அறுப்பதற்கு முன்பே, கிணறு தோண்டிய ரிக்கிலேயே எடுத்த கதிர்வீச்சு அளவை அவள் என் கோட்டோடு பொருத்திக் காட்டினாள். அச்சாகப் பொருந்தியது.

வெளியே காப்பிப் பழம் உரிக்கும் இயந்திரம் நின்றுபோய், அருள் கூப்பிட்டார். "வெரசா வந்துர்றேன். எதையும் கையில எடுக்காதடி, ஷேலு, பிஸ்கட் மாதிரி உதுந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோர் பார்க்கிறவர்களின் பழக்கம் அது. ஷேலைப் பெட்டியில் வைத்தபடியே பார்ப்பார்கள், தூக்கவே மாட்டார்கள். நான் கோர் பார்க்கிறவள் இல்லையே. என் வேலைக்கு உலை வைக்கிற கல்லை ஒரு முறையாவது கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்போல ஒரு வெறி. எடுத்தேன். கையளவுத் துண்டு தூக்கும்போதே இரண்டு ஏடாகப் பிளந்துகொண்டது.

ஏட்டின் மேல் ஏட்டை வைத்துத் திரும்பப் பொருத்தலாம் என்று துண்டைப் புரட்டினேன். பின்பக்கம், அறுக்காத வளைந்த முதுகில், இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

அது எனக்குத் தெரியும். எண்ணெய் வேலையில் சேர்ந்த எவருக்கும் முதல் வாரமே சொல்லித்தருவது. கோரை வெளியே எடுத்ததும் துடைத்துவிட்டு, நீளத்துக்கும் பக்கம் பக்கமாக இரண்டு கோடு போடுவார்கள். கல்லை அதன் மேல்முனை மேலே இருக்கும்படி நிறுத்தினால் சிவப்புக் கோடு வலது பக்கம் வர வேண்டும். என் கையில் இருந்த துண்டில் சிவப்பு இடது பக்கம் இருந்தது. அடுத்த துண்டைப் புரட்டினேன். இடது. அந்த மீட்டர் முழுக்க இடது. முந்தைய பெட்டியிலும் அடுத்த பெட்டியிலும் ஒழுங்காக வலது. ஒவ்வொரு மீட்டரின் நுனியும் ரம்பத்தால் அறுத்த தட்டை முகம் என்பதால், ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று யாருக்கும் தெரிய வழியில்லை. அறுத்து அடுக்கிய ஆய்வுக்கூடத்தில் எவரோ இந்த ஒரு மீட்டரைத் தலைகீழாகப் படுக்கவைத்து, அதன் மேலேயே ஆழத்தையும் எழுதிவிட்டார்கள். நேராகத் திருப்பினால் களிப் பட்டை அடிமுனைக்குப் போகும். அதாவது கீழடுக்குக்கு. என் மேலடுக்கு சுத்தம்.

பொய் சொல்ல மாட்டேன், அப்படியொரு ஆனந்தத்தை என் கல்யாணத்தில்கூட நான் அனுபவித்ததில்லை. நான் ஜெயித்தது அதில் பாதிதான். ஜெசிந்தா, கல்லு மேடம், இத்தனை நாளும் கல்லைத் தலைகீழாகப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது மீதிப் பாதி. அவள் முகம் எப்படிச் சுண்டப்போகிறது என்பதைப் பார்க்க வாகாக மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

வந்தாள். உடைந்த துண்டைப் பார்த்து, "ஏய், சொன்னேன்ல!" என்றாள். நான் துண்டின் முதுகைத் திருப்பிக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். அடுத்ததைப் புரட்டினாள். அதற்கடுத்ததை. பிறகு தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த மீட்டர் முழுவதையும் துண்டு துண்டாக எடுத்துத் திருப்பி அடுக்கினாள். தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். சுண்டுகிற முகத்துக்காக நான் காத்திருந்தேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வருகிற சிரிப்பு. "இங்க வாங்களேன்!" என்று அருளைக் கத்திக் கூப்பிட்டாள். "இவ என் மானத்தக் காப்பாத்திட்டா. கெணறு போற எடத்தையே மாத்தியிருப்பேன் நானு. இத்தன நாளா தலைகீழா வச்சுக்கிட்டு வியாக்கியானம் பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்." எழுந்து வந்து ஈரக் கையோடு என் கன்னத்தைப் பிடித்தாள். தப்பு செய்துவிட்டு இப்படிச் சிரிக்க எனக்கு வராது. நான் ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டால் மூன்று நாள் தூக்கம் போய்விடும்.

"இப்பவே சொல்லிரணும்" என்று தோட்டத்து உச்சிக்கு இழுத்துப்போனாள். அங்கே மிளகுக் கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரத்தடியில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். மஸ்கட்டில் எங்கள் மேலாளரை அழைத்து, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். அவர் ஓமானியர், ஆங்கிலத்தில்தான் பேச்சு.

"சார், நான் எழுதியது தவறு. ஒரு மீட்டர் தலைகீழாக இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. வசந்திதான் கண்டுபிடித்தாள், பக்கத்திலேயே நிற்கிறாள். மேலடுக்குதான் சரி. நான் கையெழுத்துப் போடுகிறேன்."

எனக்கு வரவேண்டிய பாராட்டுக்கு நான் முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஜெசிந்தா," என்றார் மேலாளர். "தன் தவறைத் தானே அழைத்துச் சொல்கிற ஆளை நான் இங்கே பார்த்ததில்லை. இதனால்தான் உங்களை நம்புகிறேன். நன்றி வசந்தி. ஜெசிந்தா, நாம் அடுத்துத் தோண்டப்போகிற ஷேல் கிணறுகள் எல்லாவற்றையும் நீங்களே பொறுப்பேற்றுப் பாருங்கள். கல்லும் லாக்கும், இரண்டும். எப்போது மஸ்கட் வர முடியும்?"

எனக்கு இரண்டு வார்த்தை. அதுவும் நடுவில். லாக்கும் சேர்த்து அவளுக்கு.

ஜெசிந்தா யோசிக்கக்கூட இல்லை. "இல்லை சார், இங்கே பழம் பறிப்புச் சமயம். எனக்குப் பெட்டிகளை அனுப்புங்கள், போதும்." நான் இரண்டு வருஷமாக எந்தக் கதவில் முட்டிக்கொண்டிருந்தேனோ, அதைத் திறந்துகொண்டு உள்ளே வரச் சொல்கிறார்கள், இவள் வாசலிலேயே வேண்டாம் என்கிறாள்.

"அப்படியானால் வசந்தியையே தொடரச் சொல்லலாமா?" என்றார் அவர். "நீங்கள் சரி என்றால் இன்றே ஒப்பந்தத்தை இரண்டு வருஷம் நீட்டித்துவிடுகிறேன்."

"அவளை விட்டால் உங்களுக்கு வேறு ஆள் கிடையாது சார்" என்றாள் ஜெசிந்தா.

"வசந்தி, சம்மதமா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் சம்மதம் என்று சொல்லிவிட்டேன். ஜெசிந்தா போனை அணைத்துவிட்டுக் கை தட்டினாள், குதித்தாள், "மேல ரெண்டு வருஷம்டி உனக்கு!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் தோளிலிருந்து விலகி, அவள் முகத்தைக் கிட்டத்தில் பிடித்து வைத்து உற்றுப் பார்த்தேன். ஒரு சிறு இளக்காரம், உதட்டோரம் ஒரு பிச்சை போட்ட பாவனை, ஏதாவது ஒன்று. கோடுகளில் மிகச் சின்னத் துடிப்பையும் தேடிப் பழகிய கண் இது. ஒன்றும் அகப்படவில்லை. அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம்.

அந்த இளக்காரம் கொஞ்சமாவது இருந்திருந்தால், மலை இறங்குகிறபோது வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே நிம்மதியாக வந்திருப்பேன்.